தண்ணீர் ஓடிய பக்கம்

"என் வீட்டுக்காரர் தப்பு பண்ணினதா ஒத்துக்கிட்டார். ஆனா அவர் பொய் சொல்றார். அதைத்தான் நீங்க நிரூபிக்கணும்," என்றாள் வந்தவள்.

சர்வேயர் படித்துக்கொண்டிருந்த பத்திரிகையை மடித்து வைத்தார். காப்பீட்டு நிறுவனத்துக்காக விபத்து வாகனங்களைப் பார்த்து மதிப்பிட்டே காலம் தள்ளி ஓய்வு பெற்றவர் அவர். போலீசுக்குப் போகத் தெம்பில்லாதவர்களும், போய்ப் பலனில்லாமல் திரும்பியவர்களும் இன்னமும் அவர் வீட்டு அழைப்புமணியை அழுத்துவதுண்டு. தப்பே செய்யவில்லை என்று சாதிப்பவர்களைத்தான் அவர் இதுவரை பார்த்திருக்கிறார். செய்தேன் என்று சொல்பவருக்காக ஒருத்தி வந்து நிற்பது இதுவே முதல்முறை.

அவருடைய மருமகள் அவசரமாக நாற்காலியை இழுத்துப் போட்டாள். மருந்துக்கடையில் மாலை நேர வேலை அவளுக்கு, கணவன் கப்பலில். பகல் முழுவதும் மாமனாரின் வழக்குகள்தான் பொழுதுபோக்கு. அவர் ஒரு கேள்வி கேட்டால் இவள் இரண்டு கேட்பாள்.

"உங்க வீட்டுக்காரர் யாரும்மா?" என்றார் சர்வேயர்.

"சாலை ஆய்வகத்துல பரிசோதகர். வளைவுல பஸ் கவுந்துச்சே, அந்த ரோடு நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டவர்."

மருமகள் கேட்க வாயெடுத்த கேள்வியை அப்படியே விழுங்கிக்கொண்டாள். ஒன்பது பேரைப் பலி வாங்கிய விபத்து அது. வளைவில் சாலை பெயர்ந்து பொடிக்கல்லாகக் கிடந்திருக்கிறது. பேருந்து அதில் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்து, சூடாக்கி, புதுத் தாரும் எண்ணெயும் கலந்து மறுபடி போட்ட சாலை. ஒரு மழைக்காலம் வண்டிகள் ஓடியபின் அது எப்படித் தாங்கியிருக்கிறது என்று சோதித்துப் பார்த்து, பிரமாதமாகத் தாங்கியிருக்கிறது என்று ஆய்வகம் சொல்லியிருந்தது. சொன்ன சில வாரங்களில் பேருந்து கவிழ்ந்தது.

வந்தவளுக்குப் பின்னால் கதவோரம் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் நின்றான். முப்பது வயதிருக்கும். "என் தம்பி. இவன்தான் வண்டியில கூட்டிட்டு வந்தான். அதே ஆய்வகத்துல கோர் எடுக்கிற வேலை. என் வீட்டுக்காரர் சொல்லித்தான் சேர்த்தாங்க. அப்பா அம்மா போனப்புறம் நாங்க ரெண்டு பேரும் வளர்த்த புள்ள," என்றாள் அவள்.

"கோர்னா?" என்றாள் மருமகள்.

தம்பி கைகளால் ஒரு டம்ளர் அளவு காட்டினான். "ரோட்டைத் துளைபோட்டு இந்த மாதிரி உருளையா ஒரு துண்டு எடுப்போம். அதை அத்தான் மிஷின்ல வெச்சு அழுத்திப் பார்ப்பார். எவ்வளவு தாங்குதுன்னு தெரியும். நேர்ப் பகுதியில மூணு, வளைவுல மூணு எடுத்தோம். துளையைத் தார் போட்டு அடைச்சிருவோம்."

"ஓடுற ரோட்டுல நின்னு எடுக்கிறது கஷ்டமாச்சே," என்றார் சர்வேயர்.

"கஷ்டம்தான். இவன் கூடக் கொடி புடிச்சு வண்டியை நிறுத்துறவர் ஒருத்தர் இருந்தார். வேலையிலயே லாரி அடிச்சுப் போயிட்டார், பாவம். அதுக்கப்புறம் ஆளே போடல. இவன் தனியாத்தான் போறான்," என்று அக்காதான் பதில் சொன்னாள்.

"வளைவுல எப்படி சமாளிச்சீங்க தம்பி?"

"ஓரத்துல கூம்பு வெச்சுட்டு எடுத்தேன் சார். மிஷினுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணும். சாம்பல் கலர்ல சேறா வரும். வெளிப்பக்கமா ஓடி அந்தப் பள்ளத்துப் புல்லுல எறங்குச்சு. நான் அந்தப் பக்கம் நின்னேனா, செருப்பெல்லாம் நாசம்."

சர்வேயர் தலையாட்டினார். "உங்க வீட்டுக்காரர் என்னன்னு ஒத்துக்கிட்டார்?"

"மிஷின் காட்டின நம்பரைக் கூட்டிப் போட்டேன்னு. போலீஸ் கேட்டது ஒரே ஒரு கேள்வி. உடனே சொல்லிட்டார். இப்ப ஜாமீன்ல வீட்டுல இருக்கார். சாப்பிட மாட்டேங்கிறார், எங்கிட்டப் பேச மாட்டேங்கிறார். சார், அவர் பால் கணக்குல கூடப் பொய் எழுதத் தெரியாத மனுஷன்." அவள் குரல் உடையவில்லை. உடைவதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை என்பதுபோல் இருந்தது.

*

அவர்கள் வீட்டு வாசல் சுவரில் யாரோ தாரைக் கரைத்து வீசியிருந்தார்கள். தேய்த்துக் கழுவப் பார்த்த இடம் இன்னும் அகலமாகக் கறுத்திருந்தது. உள்ளறைக் கட்டிலில் பரிசோதகர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சர்வேயர் வந்ததும் எழுந்து உட்கார்ந்தார்; முகத்தை மட்டும் திருப்பவில்லை.

"நம்பரை மாத்தினீங்களாமே. எந்தத் துண்டுக்கு?"

"எல்லாத்துக்கும்."

"எவ்வளவு கூட்டினீங்க?"

"தேவையான அளவு."

"யாராவது கேட்டுக்கிட்டாங்களா?"

"யாரும் கேக்கல. நானா செஞ்சேன். கையெழுத்து என்னோடது. வேற என்ன சார் வேணும்? ஒன்பது வீட்டுக்கும் ஒரு ஆள் வேணும், திட்டறதுக்கு. நான் இருக்கேன். விடுங்க."

வெளியே வந்ததும் மருமகள், "மாமா, இது யாரையோ காப்பாத்தற பேச்சு. தார்க்கலவை போட்ட பிளான்ட் முதலாளியா இருக்கும். மிரட்டியிருப்பான்," என்றாள்.

"இருக்கலாம். முதல்ல ரோட்டைப் பார்ப்போம்."

சாலையின் நேர்ப் பகுதி நன்றாகவே இருந்தது. சர்வேயர் குனிந்த தலை நிமிராமல் நடந்தார். "இந்த ஊர்ல கீழ பார்த்து நடக்கிற ஒரே ஆள் நீங்கதான் மாமா," என்றாள் மருமகள். "முட்டி வலிக்காரனுக்கு வேற வழி?" என்றார் அவர். துளை அடைத்த வட்டங்கள் மூன்றும் இடைவெளி விட்டு வரிசையாகத் தெரிந்தன. அதைத் தாண்டி, லாரிகள் ஒதுங்கி நிற்பதற்காகச் சாலையை அகலப்படுத்திய ஓர் இடம். நாலைந்து லாரிகள் நின்றிருந்தன. ஒரு டிரைவர் நிழலில் படுத்துத் தூங்கினார். அதற்கப்பால் வளைவு. உள்பக்கம் தடுப்புச்சுவர்; வெளிப்பக்கம் புல்லும் பள்ளமும்.

வளைவில் பெயர்ந்த மேல்பரப்பை முழுக்கத் தோண்டிப் போட்டுவிட்டு, விபத்துக்கு மறுவாரமே புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். மூன்று துளைகளும் அதோடு போய்விட்டன. தோண்டியதைப் பள்ளத்தின் விளிம்பில் குவித்திருந்தார்கள். குவியலின் மேலே ஒரு சிறு குழந்தையின் காலணி ஒற்றையாகக் கிடந்தது. மருமகள் அதைப் பார்க்காததுபோல் ஒரு தார்க்கட்டியை எடுத்தாள். இரண்டு விரலால் அழுத்தியதும் ரொட்டித்துண்டுபோல் உதிர்ந்தது.

"பழைய தார் சரியா இளகவே இல்ல. கல்லோட ஒட்டல," என்றார் சர்வேயர். ஒரு கட்டியைப் பையில் போட்டுக்கொண்டு, பாட்டில் தண்ணீரில் கை கழுவினார். கழுவி முடித்த பின்னும் பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து, வளைவின் நடுவே மீதித் தண்ணீரை ஊற்றிக்கொண்டு நின்றார். தண்ணீர் தயங்காமல் உள்பக்கத் தடுப்புச்சுவரை நோக்கி ஓடியது.

"கை கழுவச் சொன்னா ரோட்டைக் கழுவுறீங்க," என்றாள் மருமகள்.

"கீழ வரைக்கும் தோண்டியிருக்காங்களோன்னு பார்த்தேன். மேல்தோலைத்தான் எடுத்திருக்காங்க. ரோட்டோட சாய்வு பழையபடிதான் இருக்கு," என்றார் அவர். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

*

ஆய்வகத்தில் காகிதங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போன போலீசார் கற்களை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அழுத்திச் சோதித்ததில் இரண்டாகப் பிளந்த ஆறு கோர்களும் தட்டில் வரிசையாக இருந்தன. பெயின்டால் எண் எழுதியிருந்தது. நாலு, ஐந்து, ஆறு எண்கள் வளைவுக்கானவை. சர்வேயர் நாலாம் எண் துண்டின் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தினார். அசையவில்லை. பாக்கெட்டிலிருந்த சாவியால் கீறினார். கல் பெயரவில்லை. பையிலிருந்த வளைவுக் கட்டியைப் பக்கத்தில் வைத்தார்; வைத்த அசைவிலேயே அது பாதி உதிர்ந்தது.

மருமகள் துண்டுகளை முகர்ந்து பார்த்தாள். மருந்துக்கடைக்காரியின் மூக்கு அது. "மாமா, முதல் மூணுல ஒண்ணும் இல்ல. இந்த மூணுலயும் ஒரு வாடை. டீசல், இல்லன்னா வண்டி எண்ணெய்." மேற்பரப்பு மற்றவற்றைப் போல வெளிறியிருக்காமல் திட்டுத்திட்டாகக் கறுத்து மினுங்கியது.

அடுத்து அவர்கள் கலவை ஆலைக்குப் போனார்கள். சுரண்டிக் கொண்டுவந்த பழைய தார், திறந்த வெளியில் மலைபோல் கிடந்தது. முதலாளி பருத்த மனிதர். பேசுவதற்குள் மூச்சு வாங்கியது. "என் கலவையில குறை இல்ல. ஆய்வகமே நல்லா இருக்குன்னு சொல்லிச்சு. அதை நம்பித்தான் இன்னும் ரெண்டு ரோட்டுக்கு இதையே போட்டேன். அந்த ஆளு நம்பரை மாத்தினா அதுக்கு நான் என்ன பண்றது?"

திரும்பும் வழியில் சர்வேயர் லாரிகள் ஒதுங்கும் இடத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். ஒரு லாரி கிளம்பிப் போகும்வரை காத்திருந்தார். அது நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டிச் சொட்டித் தரை கறுத்திருந்தது. மருமகள்தான் முதலில் கண்டாள்.

"மாமா, வட்டம். இங்க ஒண்ணு. அங்க ரெண்டு."

துளைகளைப் பொறுமையாக அடைத்து, ஓரம் பூசி, தட்டிச் சமப்படுத்தியிருந்தது.

"முதலாளிதான். ராத்திரியோட ராத்திரியா இங்க துளைச்சு, ஆய்வகத்துல மாத்தி வெச்சிருக்கான்," என்றாள் மருமகள்.

"அவர்கிட்ட ஆலையே இருக்கும்மா. மாத்தணும்னா நல்ல கலவையா அச்சுல வார்த்துக் கொண்டுவந்திருப்பார். லாரிக்கு அடியில வந்து ஏன் துளைக்கணும்? அதுவும் இவ்வளவு பதமா எதுக்கு அடைக்கணும்?" அவர் முகம் இறுகியிருந்தது. "அந்தப் பொண்ணு கேட்டதுக்கு பதில் கிடைச்சிருச்சு. கேக்காததுக்கும் சேர்த்து."

*

மறுநாள் காலை, தார் வீசிய சுவருக்குள்ளே, அந்த வீட்டுக் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆலை முதலாளியும் வந்திருந்தார். உள்ளறைக் கதவு ஒருக்களித்திருந்தது. பரிசோதகர் வெளியே வரவில்லை.

"அம்மா, இதை இதோட நிறுத்திக்கிறதுன்னாலும் நிறுத்திக்கலாம். உங்க வீட்டுக்காரர் நம்பரை மாத்தலங்கறது உறுதி. அதுக்கு மேல கேக்கணுமா?" என்றார் சர்வேயர்.

"முழுசா சொல்லுங்க," என்றாள் அவள்.

"மாத்தியிருந்தா ஆய்வகத்துல இருக்கிற துண்டு மோசமா இருக்கணும், நம்பர் மட்டும் நல்லா இருக்கணும். நான் பார்த்தேன். துண்டு கெட்டியாத்தான் இருக்கு. மிஷின் காட்டினதைத்தான் அவர் எழுதியிருக்கார். ஆனா வளைவுல தோண்டின தார் கையில உதிருது. ஒரே இடத்துச் சரக்கு ரெண்டு விதமா இருக்காது. அப்ப, வளைவுன்னு எழுதியிருக்கிற மூணு துண்டும் வளைவுல எடுத்ததில்ல."

தம்பி ஹெல்மெட்டின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"அந்த மூணுலயும் எண்ணெய் ஊறியிருக்கு. ஓடுற வண்டி ஒரே இடத்துல சொட்டாது. நிக்கிற வண்டிதான் சொட்டும். வளைவுல யாரும் வண்டியை நிறுத்த மாட்டாங்க. லாரி ஒதுங்கிற இடத்துல அடைச்ச துளை மூணு இருக்கு. அது நேர்ப் பகுதியோட சேர்த்துப் போட்ட ரோடு. அதனாலதான் துண்டு நல்லா இருக்கு." சர்வேயர் முதலாளியின் பக்கம் திரும்பினார். "வளைவு மட்டும் வேற நாள்ல போட்டீங்களா?"

முதலாளி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்குத் தூறல். பழைய தார்க் குவியல் நனைஞ்சு கிடந்துச்சு. சூடு சரியா ஏறல. ஆளுங்க நின்னுட்டு இருக்காங்களேன்னு போட்டுட்டேன். ரிசல்ட் நல்லா வந்ததும் தப்பிச்சோம்னு நெனச்சேன்."

"அப்ப இவர்தானே?" என்றாள் அக்கா.

"கலவை கெட்டது இவரால. துண்டு மாறினது இவரால இல்ல." சர்வேயர் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, வளைவுல துளைக்கும்போது சேத்துத் தண்ணி வெளிப்பக்கம் பள்ளத்துக்கு ஓடிச்சுன்னு சொன்னீங்க. நேரான ரோட்டுல தண்ணி ஓரத்துக்குத்தான் ஓடும். வளைவுல வண்டி வெளியே போயிடாம இருக்க, ரோட்டையே உள்பக்கமா சாய்ச்சுப் போட்டிருப்பாங்க. நான் ஊத்திப் பார்த்தேன். ஒரு சொட்டுகூடப் பள்ளத்துப் பக்கம் போகல. ஒரே ஒரு துளை போட்டிருந்தாலும் உங்களுக்கு அது தெரிஞ்சிருக்கும்."

அக்கா தம்பியைப் பார்க்கவில்லை. சர்வேயரையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் இன்னும் ஏதோ சொல்லி அதை மாற்றிவிடுவார் என்பதுபோல.

"மிஷினை எறக்கினேன் சார்," என்றான் தம்பி. "வளைவுல எறக்கிட்டேன். நிக்க முடியல. கொடி புடிச்ச அண்ணன் எங்கிட்ட பேசிக்கிட்டே இருக்கும்போதுதான் லாரி அடிச்சுது. பாதி வார்த்தையில போயிட்டார். அதுலேர்ந்து பின்னால வண்டி சத்தம் கேட்டாலே ஓரத்துக்கு ஓடிருவேன். ஆபீசுல துணைக்கு ஆள் கேட்டேன். வரும் வரும்னாங்க. திரும்பி வந்து லாரி நிக்கிற இடத்துல எடுத்தேன். அதே ரோடு, அதே தார்தானேன்னு..."

உள்ளறைக் கதவு திறந்தது. பரிசோதகர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "போதும் சார். நான் சொன்னதே இருந்துட்டுப் போகட்டும்."

"விபத்துக்கப்புறம் துண்டை எடுத்துப் பார்த்தீங்க, புரிஞ்சுகிட்டீங்க. அப்படித்தானே?" என்றாள் மருமகள் ஆதரவாக.

சர்வேயர் அவளைக் கையமர்த்தினார். "எண்ணெய் வாடை மிஷின்ல வெக்கும்போதே வந்திருக்குமே," என்றார்.

பரிசோதகர் மனைவியின் பக்கம் திரும்பினார். "வந்துச்சு. அன்னிக்கே இவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அக்கா மேல சத்தியமா வளைவுலதான் எடுத்தேன்னான். பையன் ஏற்கெனவே நொந்து கிடக்கான், மறுபடி போகச் சொன்னா தாங்க மாட்டான்னு விட்டுட்டேன். கையெழுத்துப் போட்டேன். அதனால நான் சொன்னது முழுப்பொய் இல்ல."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மருமகள் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டாள். அந்தத் தோள் மரக்கட்டைபோல் இருந்தது.

"இன்னொண்ணு கேக்கணும் தம்பி," என்றார் சர்வேயர். "முதலாளி வேற ரெண்டு ரோடு போட்டிருக்கார். அங்கயும் கோர் எடுத்தது நீங்கதானே?"

"ஒண்ணுல ஒழுங்கா எடுத்தேன் சார்."

"இன்னொண்ணு?"

"பாலத்து இறக்கம்." அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். "அங்கயும் நிக்கல."

முதலாளி நாற்காலியிலிருந்து எழ முயன்று முடியாமல் மறுபடி உட்கார்ந்தார். "அதுவும் ஈரச் சரக்குதான்," என்றார் யாரிடமோ.

பரிசோதகர் மனைவியின் எதிரே வந்து குந்தினார். "அந்த இறக்கத்து மேலயும் எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. போன் பண்ணி ரோட்டை மூடச் சொன்னா காரணம் கேப்பாங்க. இவனையும் கூட்டிட்டுப் போயிருவாங்க. உனக்குன்னு ஒருத்தனாவது மிஞ்சட்டும்னுதான் நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். நீ போய் இவரைக் கூட்டிட்டு வந்துட்ட."

அவள் கைபேசியை எடுத்து, தம்பியின் முன்னால் வைத்தாள். "நீயே பண்ணு. அந்த இறக்கத்துல ஸ்கூல் வண்டி போகும்."

அவன் பண்ணினான். முதலில் எடுத்தவர் எழுதிக் கொடுக்கச் சொன்னார். இரண்டாவது எடுத்தவர் வேறொரு எண்ணைக் கொடுத்தார். மூன்றாவது இடத்தில் அவன் அழுதுகொண்டே தன் பெயரையும், வேலையையும், செய்ததையும் சொன்னான். மதியத்துக்குள் பாலத்து இறக்கத்தை மூடினார்கள். சாயங்காலம் அவனை அழைத்துப் போனார்கள். பரிசோதகரின் ஜாமீனும் அதே வாரம் ரத்தானது. முதலாளிக்கு நெஞ்சுவலி; மருத்துவமனையில் சேர்ந்துகொண்டார்.

தோண்டிப் பார்த்ததில் இறக்கத்துச் சாலையும் கையில் உதிர்ந்ததாகச் சர்வேயருக்குச் செய்தி வந்தது. அதைச் சொல்லிப் பரிசோதகரின் மனைவியைத் தேற்றலாம் என்று மருமகள் இரண்டு முறை அந்த வீட்டுக்குப் போனாள். இரண்டு முறையும் பூட்டியிருந்தது.

பிறகு ஒருநாள் அவளே மருந்துக்கடைக்கு வந்தாள். தூக்க மாத்திரைச் சீட்டை நீட்டினாள். மருமகள் இறக்கத்துச் செய்தியைச் சொன்னாள். "எத்தனையோ பேர் பொழச்சிருக்காங்கக்கா, உங்களால."

"ம்," என்றாள் அவள். "யாருன்னு தெரியாதவங்க."

"ரெண்டு பேரையும் பார்த்தீங்களா?"

"ஜெயில்ல வாரத்துக்கு ஒருத்தரைத்தான் பார்க்க விடறாங்க. முதல் வாரம் இவரைப் பார்த்தேன். அவனைப் போய்ப் பாரு, சின்னப் பையன், தாங்க மாட்டான்னார். அடுத்த வாரம் அவன்கிட்டப் போனேன். எம்முகத்துல முழிக்காதக்கா, அத்தானைப் போய்ப் பாருன்னான்."

மருமகள் மாத்திரையைப் பையில் போட்டுக் கொடுத்தாள். "இந்த வாரம்?"

"எங்கயும் போகல," என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கிப் போனாள்.